வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்: வாசகர் கேள்வி – பதில்

பாழடைந்த மாளிகை, பரம்பரைப் பாவம், பூட்டிய அறை, செத்தும் சாகாத மூதாதை. ‘கோதிக்’ என்று சொல்லப்படும் இந்தப் பழைய ஆங்கிலப் பயங்கரக் கதைகளை இன்றைய தமிழ்த் தொடராக எடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் திரைக்கதைக் குழு பதில் சொல்கிறது.

“டிராகுலா கதையை வெப் சீரிஸாக எடுக்க யாரிடம் உரிமை வாங்க வேண்டும்? எவ்வளவு கேட்பார்கள்?” – பாலக்கோடு வாசகர்

யாரிடமும் வாங்க வேண்டாம், ஒரு பைசாவும் வேண்டாம். நாவல் வந்தது 1897. எழுதிய பிராம் ஸ்டோக்கர் இறந்தது 1912. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்த வருடம் முடிந்து 60 வருடம் வரைதான் உரிமை. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818), ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1872), ஸ்டீவன்சனின் ‘ஜெகில் – ஹைட்’ (1886), எட்கர் ஆலன் போவின் கதைகள் எல்லாமே இப்போது பொதுச் சொத்து.

ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும். முதலாவது, ஓடிடியில் போட்டால் தொடர் உலகம் முழுக்கப் போகும். பிரிட்டனில் 70 வருடக் கணக்கு. அமெரிக்காவில் பழைய புத்தகங்களுக்கு வெளியான வருடத்திலிருந்து 95. டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’ 1938-ல் வந்தது, அவர் இறந்தது 1989. அமெரிக்காவில் 2033 கடைசி வரை, இந்தியாவில் 2049 கடைசி வரை, பிரிட்டனில் 2059 கடைசி வரை அதைத் தொட முடியாது. ‘பழைய கதைதானே’ என்று கை வைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தமிழ் மொழிபெயர்ப்பு. மூலத்துக்கு உரிமை தீர்ந்திருந்தாலும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. வசனத்தை ஆங்கில மூலத்தை வைத்தே எழுதுங்கள்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்: நாவலில் இருப்பது எது, சினிமா சேர்த்தது எது என்ற குழப்பம். நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். வெயில் பட்டால் செத்துப்போவது 1922-ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் படத்தின் சரக்கு. (அந்தப் படமே அனுமதி இல்லாமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகளால்தான் படம் இன்றும் இருக்கிறது.) நாவலில் அவனுக்கு மீசை உண்டு, உள்ளங்கையில் மயிர் உண்டு. கடைசியில் மார்பில் கட்டை அடித்துக் கொல்வதும் இல்லை. கழுத்தில் கூர்க்காக் கத்தி, இதயத்தில் இன்னொரு கத்தி, அவ்வளவுதான். அதேபோல ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உயிருக்குத் தட்டைத் தலையும் கழுத்தில் போல்ட்டும் 1931-ல் வந்த படம் கொடுத்தவை. அந்தப் படத்தின் உரிமை அமெரிக்காவில் 2026 முடியும் வரை உயிரோடு இருக்கிறது. மேக்கப்காரரிடம் படத்தின் ஸ்டில்லைக் காட்டாதீர்கள், நாவலின் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

“‘டிராகுலா’ நாவலில் எல்லாமே டைரி, கடிதம், தந்தி. இன்றைக்கு யார் டைரி எழுதுகிறார்கள்? அதை எப்படிக் காட்டுவது?” – ஓசூர் வாசகர்

வாட்ஸ்அப்பில் எழுதுகிறோமே! ‘டிராகுலா’ வந்த காலத்தில் அது அநியாயத்துக்கு நவீனமான கதை. அதில் ஒரு டாக்டர் தன் குறிப்புகளை மெழுகு உருளையில் குரலாகப் பதிகிறார். கதாநாயகி மினா டைப்ரைட்டரில் எல்லோருடைய குறிப்பையும் தேதிவாரியாக அடித்துக் கோக்கிறாள். தந்தி, கோடாக் கேமரா, ரத்தம் ஏற்றுவது எல்லாம் உண்டு. ஆகவே போனையும் சிசிடிவியையும் கொண்டுவருவது மூலத்துக்குத் துரோகம் இல்லை. பழைய ஜமீன் செட் போட்டு மெழுகுவத்தி ஏற்றினால்தான் துரோகம்.

ஒரு பகுதியை மட்டும் பிரித்துக் காட்டுகிறோம். நாவலில் டெமிட்டர் என்ற கப்பல் மண் நிரப்பிய 50 பெட்டிகளோடு வர்ணா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்கு வருகிறது. வழியில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கரை தட்டும்போது கப்பலில் இருப்பது சுக்கானில் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டு செத்துப்போன கேப்டன் மட்டும். நடந்ததெல்லாம் அவர் எழுதிய குறிப்பேட்டில் இருக்கிறது.

நம்ம பக்கம் கப்பல் இல்லை. ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது, ராத்திரி முழுக்க லாரி ஓடுகிறது. குறிப்பேட்டுக்குப் பதில் லாரி முதலாளியின் போனில் வந்து விழும் ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகள். கிருஷ்ணகிரி டோலில் பணம் பிடித்த செய்தி 11.52-க்கு. அடுத்த டோல் செய்தி ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். வருவது 4.10-க்கு. நடுவில் மூன்று வாய்ஸ் நோட். முதலாவதில் டிரைவரும் கிளீனரும் பேசிச் சிரிக்கிறார்கள். இரண்டாவதில் டிரைவர் மட்டும்: “பையன் ஒண்ணுக்குப் போறேன்னு எறங்கினான் மொதலாளி, இன்னும் வரல.” மூன்றாவதில் இன்ஜின் சத்தம் மட்டும். விடிகிறபோது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி ஒழுங்காக ஓரம் கட்டி நிற்கிறது, இண்டிகேட்டர் எரிகிறது. ஸ்டீயரிங்கோடு சேர்த்து, தார்ப்பாய்க் கயிற்றால் கட்டிய கைகள்.

படமாக்கும்போது கவனிக்க வேண்டியவை: வாய்ஸ் நோட்டை ஸ்டுடியோவில் பதிந்து பிறகு ‘போன் மாதிரி’ ஆக்காதீர்கள், செயற்கையாக இருக்கும். லாரி கேபினுக்குள் உட்காரவைத்து நிஜப் போனிலேயே பதியுங்கள். ஒவ்வொன்றும் 8 முதல் 12 விநாடி போதும். திரையில் காட்டும் குறுஞ்செய்தி ஏழெட்டுச் சொல்லுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். வீட்டில் அம்மாவும் படித்து முடிக்க வேண்டுமல்லவா?

ஓடும் லாரியைக் கணவாயில் எடுக்க நினைக்கவே வேண்டாம். நிறைய உயிர்களை வாங்கிய இறக்கம் அது. ஒரு ஷெட்டுக்குள் லாரியை நிறுத்தி மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்டுங்கள். இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு எல்இடி டியூப்பைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் நடந்தால் எதிர்வண்டி வெளிச்சம் கிடைத்துவிடும். ஒரே இடைவெளியில் நடந்தால் ரங்கராட்டினம் மாதிரி தெரியும். 4 விநாடி, 7 விநாடி, 3 விநாடி என்று மாற்றி மாற்றி நடக்கச் சொல்லுங்கள். பம்பருக்கு அடியில் ஒரு நீளக் கட்டையைக் கொடுத்து ஒருவர் லேசாக அழுத்தி விட்டால் குலுக்கலும் வந்துவிடும். கண்ணாடியில் மழைக்குத் தோட்டத்து மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் போதும். ஆனால் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த பம்பை எத்தனை தரம் கழுவினாலும் நடிகர் முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது.

‘சிக்னல் இல்லை’ என்ற வசனத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். போன் வேலை செய்ய வேண்டும். செய்தி வர வேண்டும். வந்த செய்தி நம்பவைத்து ஏமாற்ற வேண்டும்.

“சிலுவைக்குப் பதில் விபூதி, பூண்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம் என்று மாற்றினால் போதுமா?” – காவேரிப்பட்டணம் வாசகர்

போதாது. அது வேட்டி கட்டிய டிராகுலா, மாறுவேடப் போட்டி. பொருளுக்குப் பொருள் மாற்றுவதை விட்டுவிட்டு, நாவலில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

50 பெட்டி மண் எதற்கு? சொந்த மண்ணில் படுக்காமல் அவனால் இளைப்பாற முடியாது. இதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நம்மிடம் பிடிமண் இருக்கிறது. பிழைக்க வெளியூர் போனவர்கள் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது ஊரில் குலதெய்வத்தை நிலைநிறுத்துவது ஊரறிந்த வழக்கம். அந்த நல்ல வழக்கத்தை ஒருவன் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால்? லாரியில் வருவது கோயிலுக்கான பிடிமண் என்று ஊரே மேளத்தோடு எதிர்கொண்டு அழைக்கட்டும். எடுத்த இடம் கோயில் இல்லை என்பது நான்காவது எபிசோடில் தெரியட்டும்.

வீட்டார் யாராவது ஒருவர் அழைக்காமல் அவன் முதல்முறை உள்ளே வர முடியாது என்பது நாவலின் இன்னொரு விதி. ஆங்கிலத்தில் அதைப் பாத்திரங்கள் விளக்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் ‘வாங்க’ என்பது வாயில் தானாக வருகிற சொல். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம், கண் மங்கிய பாட்டி, “யாருப்பா, வெளிய நிக்காத, உள்ள வா.” காட்சி முடிந்தது. பின்னணி இசையே வேண்டாம். கேமரா நிலைப்படியின் உயரத்தில் இருக்கட்டும். வருகிறவனின் முகத்தைக் காட்ட வேண்டாம், படியைத் தாண்டும் கால் போதும்.

நாவலில் ஹார்க்கர் ஒரு வக்கீல் குமாஸ்தா நிலையிலிருந்து அப்போதுதான் வக்கீலானவன். லண்டன் பக்கம் வீடு வாங்கும் பத்திர வேலையாகத்தான் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறான். ஓசூரில் மனை விலை ஏறுகிற வேகத்துக்கு இது அப்படியே பொருந்தும். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலையூரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கையெழுத்து வாங்கப் போகும் பத்திர எழுத்தர். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, சுத்தம். கோதிக் கதை என்பதே வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்தான்.

நம் மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பிடிமானமும் உண்டு: நடுகல். போரிலும் ஆநிரை மீட்பதிலும் செத்த வீரனுக்கு நட்ட கல்லை இங்கே பல ஊர்களில் வேடியப்பனாகக் கும்பிடுகிறார்கள். பூசை நின்றுபோன ஒரு கல், அதன்மேல் எழுந்த ஒரு வீடு. இதற்கு மேல் மாளிகை எதற்கு?

இதில் ஒரு எச்சரிக்கை. கும்பிடும் தெய்வத்தை வில்லனாக்காதீர்கள். கோபம் கொண்டது தெய்வம் அல்ல, தப்புச் செய்தது மனிதன் என்று கதை தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் மயானக்கொள்ளையைப் பின்னணியாக வைக்கலாம். ‘சுழல்’ வெப் சீரிஸ் (2022) அந்தத் திருவிழாவைச் சுற்றியே பின்னப்பட்டது. ஆனால் அருள் வந்து ஆடுகிறவரின் முகத்தைப் பயமுறுத்தும் ஷாட்டாக வெட்டி ஒட்டினால் அடுத்த வருடம் ஊருக்குள் போக முடியாது. பழைய பாவம் நிலம், சாதி என்று போனால் நிஜ ஊர்ப் பெயரையும் நிஜக் குடும்பப் பெயரையும் தவிருங்கள்.

“ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர்தானே?” – ஊத்தங்கரை வாசகர்

இல்லை, உருவாக்கிய மாணவனின் பெயர். உருவானதற்குப் பெயரே கிடையாது. எட்டடி உயரம், மஞ்சள் தோல், கருகருவென்ற கூந்தல். ஊமையாகவும் இருக்காது, மில்டனைப் படித்துவிட்டு அழகாக வாதாடும். உறுமவிட்டால் பாதி நாவல் போச்சு.

“எத்தனை எபிசோட் வைப்பது? டெய்லி சீரியலுக்கு இது தாங்குமா?” – அரூர் வாசகர்

டெய்லி சீரியல் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 20 – 22 நிமிடம். வாரம் ஐந்து நாள் என்றால் 100 – 110 நிமிடம். ‘ஜெகில் – ஹைட்’ குறுநாவல் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், மூன்றாவது வாரம் மாமியாரைக் கொண்டுவருவார்கள். ஓடிடிதான் சரியான இடம். அங்கேயும் ஒரே அளவு கிடையாது. 2020-ல் வந்த பிபிசியின் ‘டிராகுலா’ ஒன்றரை மணி நேர எபிசோடுகள் மூன்றே மூன்று. போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ ஒரு சிறுகதை. 2023-ல் அதை 8 எபிசோடாக எடுத்தபோது ஒவ்வொரு எபிசோடுக்கும் போவின் வேறொரு படைப்பை உள்ளே இறக்கினார்கள். சிறுகதையை ரப்பர் மாதிரி இழுக்காமல் இப்படிக் கோப்பது புத்திசாலித்தனம்.

முதல் முயற்சிக்கு 40 நிமிடத்தில் 6 எபிசோட் போதும். ‘டிராகுலா’வில் 27 அத்தியாயம். முதல் நான்கும் கோட்டைக்குப் போகும் பயணமும் கோட்டையில் நடப்பவையும், அவை அருமை. அதன்பின் டிராகுலா நேரில் வருவதே அபூர்வம், பெரிய நடிகரைப் போட்டால் தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். பதினேழாவது அத்தியாயத்துக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்கள், தொடரும் அங்கேதான் படுக்கும். மினாவின் தோழி லூசியைப் பெண் கேட்கும் மூன்று ஆண்களையும் ஒருவராக்கிவிடுங்கள். மினா குறிப்புகளைக் கோக்கும் வேலையை இரண்டாவது எபிசோடிலேயே தொடங்கட்டும். டிராகுலா அந்தக் காகிதங்களை நெருப்பில் போடுவதும், இன்னொரு பிரதி பெட்டகத்தில் தப்பியிருப்பதும் ஐந்தாவது எபிசோடுக்கு நல்ல முடிச்சு.

‘ஜெகில் – ஹைட்’ எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். இருவரும் ஒருவரே என்பது 1886-ல் படித்தவர்களுக்குக் கடைசியில் விழுந்த இடி. இன்றைக்கு அது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை மறைத்து மறைத்துக் கொண்டுபோனால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். முதல் எபிசோடிலேயே உடைத்துவிட்டு, ‘அவன் செய்ததற்கு எந்த அப்பாவி மாட்டப் போகிறான்’ என்று கேள்வியை மாற்றுங்கள்.

“ஹென்றி ஜேம்ஸின் கதையில் அது பேயா, டீச்சரம்மாவின் பிரமையா என்று கடைசிவரை தெரியாது. டிவியில் இப்படி விட்டால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா?” – கிருஷ்ணகிரி ஆசிரியை

1898-ல் வந்த ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’வைச் சொல்கிறீர்கள். ஒத்துக்கொள்வார்கள், அம்மா. நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ டிவி தொடரின் ‘விடாது கருப்பு’ பகுதியில் வருவது சாமியா, மனநோயா என்று வாரக்கணக்கில் வீட்டுக்கு வீடு சண்டை போட்ட ஜனங்கள்தானே நாம்!

ஆனால் எழுதுகிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விடையைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதி இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேமரா விதி: பேய் தெரியும் ஒவ்வொரு ஷாட்டும் அந்தப் பெண் பார்க்கும் கோணத்திலிருந்து மட்டுமே. அவள் இல்லாத அறையில் பேய் தனியாக ஒரு ஃபிரேமில்கூட நிற்கக் கூடாது. எடிட்டிங்கில் ‘இந்த இடம் டல்லாக இருக்கு’ என்று ஒரு ஷாட் செருகினாலும் பேயா, பிரமையா என்ற சந்தேகம் அங்கேயே செத்துவிடும். பெரும்பாலான தொடர்கள் இந்த ஒரு ஷாட்டில்தான் கெட்டுப்போகின்றன.

சேனலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் டிவி விதிகளின் நிகழ்ச்சிக் கோவை மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியைத் தடை செய்கிறது. முடிவைத் திறந்து விடும் கதைக்கு இதில் வசதி அதிகம்.

ஹென்றி ஜேம்ஸின் இந்தக் கதையில் இரண்டு குழந்தைகள் முக்கியப் பாத்திரம். குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பயங்கரமான முகத்தைக் குழந்தைக்கு நிஜமாகக் காட்டி அலறவைப்பது திறமை அல்ல, கொடுமை. குழந்தையின் ரியாக்‌ஷனைத் தனியாக எடுங்கள்.

“எங்கள் தளி பக்கம் மார்கழிப் பனி இங்கிலாந்து மாதிரி இருக்கும். ராயக்கோட்டைக் கோட்டையும் இருக்கிறது. அங்கேயே எடுக்கலாமா?” – தேன்கனிக்கோட்டை வாசகர்

பனி கண்ணுக்கு அழகு, கன்டினியூட்டிக்கு (ஷாட்டுக்கு ஷாட் காட்சி ஒத்துப்போவதற்கு) எமன். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். ஐந்து நிமிடக் காட்சியை எடுத்து முடிக்க அரை நாள் ஆகும். வைடு ஷாட்டை மட்டும் நிஜப் பனியில் விடியலில் எடுத்துக்கொண்டு, முகம் தெரியும் நெருக்கமான ஷாட்டுகளைக் காற்று அடங்கிய இடத்தில் புகை மெஷினில் எடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் காட்டோரத்தில் யூனிட்டை வைத்திருக்காதீர்கள். ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் அந்தப் பக்கம்தான் இறங்கும். ஜெனரேட்டர் வெளிச்சத்தைப் பார்த்து அது ஒதுங்கிப் போகும் என்று நம்ப வேண்டாம்.

ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. வாரக்கணக்கில் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், ராத்திரி ஷூட்டிங்கை மறந்துவிட வேண்டும், ஆணி அடிக்கக் கூடாது, டிரோனுக்குத் தனி அனுமதி. 1791-ல் ராயக்கோட்டையை ஆங்கிலேயக் கும்பினிப் படை பிடித்தது, மறுவருடம் பாராமகால் (நம் வட்டாரத்தின் பழைய பெயர்) முழுக்க அவர்கள் கைக்குப் போனது. அந்த வரலாறு கதைக்குப் பயன்படும். கட்டடத்தை ஒரு பகல் ஷாட்டில் காட்டினால் போதும்.

எங்களைக் கேட்டால் மாங்கூழ் ஆலையைப் பாருங்கள் என்போம். கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கும் ஆலைகளில் மாம்பழ சீசன் முடிந்தால் பலவும் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஆள் உயர எவர்சில்வர் தொட்டிகள், ஈரம் காயாத தரை, போகாத புளித்த வாடை. ஃபிராங்கன்ஸ்டைனின் ஆய்வுக்கூடத்துக்கு இதைவிட நல்ல இடம் செட் போட்டாலும் வராது. வாடகை பேசும்போது மின்சாரம், தண்ணீர், வாட்ச்மேன் மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள்.

“பட்ஜெட் 60 ஆயிரம்தான். 15 நிமிடக் குறும்படம். எதில் செலவு செய்தால் பயம் வரும்?” – பென்னாகரம் கல்லூரி மாணவர்கள்

சத்தத்தில். கேமராவை இரவல் வாங்குங்கள், மைக்கை நல்லதாக வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி 60 விநாடி சும்மா பதியுங்கள். அந்த ‘வெறும்’ சத்தத்தைப் படம் முழுக்க அடியில் ஓடவிட்டு, பயம் வேண்டிய இடத்தில் மட்டும் அதை மெல்ல உருவி எடுத்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே மயிர்க்கால் நிற்கும்.

உங்கள் ஊர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் யாராவது இருப்பார். நாலாவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்தில் புழு வெறியோடு தின்னும். மல்பெரி இலையைக் கொட்டிக் கொஞ்ச நேரத்தில் ஷெட் முழுக்க ஓட்டுமேல் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். வெளியே வானம் வெளுத்துக் கிடக்கும், உள்ளே மழை பெய்யும்! தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பதியுங்கள். பூட்டிய அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவே வேண்டாம். ஆனால் வளர்ப்பவர் சொல்கிறபடி நடங்கள். வாசலில் தூவியிருக்கும் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடரை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, புகை மெஷினைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. நோய் புகுந்தால் அவருக்கு ஒரு பருவத்து வருமானம் போய்விடும். அந்த வெள்ளைக் கோடு போட்ட வாசலையும், அனுமதி கேட்டு, ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டுக் காட்சியை எடிட்டிங் அறையின் பெரிய மானிட்டரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பத்தாயிரம் ரூபாய் போனில், வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பகலில், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பாருங்கள். இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தால், நடிகருக்குப் பின்னால் சுவரில் மங்கலாக ஒரு விளக்கைக் கூட்டி மறுபடி எடுங்கள்.